எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது?

எங்கள் கயத்தாறு வழியாகப் போகும் பிரயாணிகள் இரண்டு காட்சிகளைப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒன்று, 1799-ஆம் ஆண்டு கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதன் ஞாபகமாக நிற்கும் சிலை. மற்றொன்று, கரிசல் காட்டில் இறக்கை சுழற்றும் காற்றாடிக் கம்பங்கள். வழிப்போக்கர் கண்ணில் படாத மூன்றாவது விசேஷம் ஒன்றும் எங்கள் ஊருக்கு உண்டு. இங்கே யாருக்காவது பெரிய வியாதி என்று செய்தி பரவினால் போதும். அன்று விளக்கு வைப்பதற்குள் அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு வைத்திய மகாசபை கூடிவிடும். உடனே சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஒருவர் பிரேரேபிப்பார். பம்பாய்தான் சரி என்று இன்னொருவர் திருத்தம் கொண்டுவருவார். மலையாளத்தில் ஒரு பச்சிலை வைத்தியர் இருக்கிறார், நாடி பிடித்தாலே போதும் என்று மூன்றாமவர் ஆணையிடுவார். சபையில் எல்லோரும் நல்லெண்ணம் படைத்தவர்கள். செலவு மட்டும் அவர்களுடையதன்று.

சென்ற ஆண்டு இத்தகைய சபை ஒன்றின் தீர்மானங்களையெல்லாம் கேட்டுக் குழம்பிப்போய், என் பழைய மாணவன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். அவன் தாயாருக்கு ஐம்பத்தெட்டு வயது. பொழுது விடியும்போதே தலைவலியும் வாந்தியுமாக இரண்டு மாதம் கழிந்தது. குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டார். ஒருநாள் உலையை வைத்துவிட்டு, அரிசி களைய மறந்து, அடுப்புக்கு முன்னால் அப்படியே நின்றார். மகளைக் கட்டிக்கொடுத்த கவலை என்றார்கள் வீட்டார். பிறகு ஒருநாள் வலது கை இழுத்து வலிப்புக் கண்டதும் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள், ரண சிகிச்சை செய்து கட்டியை எடுத்தார்கள், எடுத்ததைச் சோதித்து, 'கிளியோபிளாஸ்டோமா, நாலாம் தரம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இனிக் கதிர் சிகிச்சையும் மாத்திரையும் வேண்டும் என்றார்கள்.

"ஸார்வாள், நாலு ஏக்கரு கரிசல் இருக்கு. வந்த விலைக்குத் தள்ளிட்டு அம்மாவை வடக்கே எங்கேயாவது பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிரலாம்னு இருக்கேன். எந்த ஆஸ்பத்திரின்னு நீங்க சொல்லணும்" என்றான்.

நான் டாக்டர் அல்ல, பள்ளிக்கூட வாத்தியார். ஆனாலும் இந்த வியாதியைப் பற்றி அச்சில் வந்திருப்பவற்றை அன்றிரவும் மறுநாளும் உட்கார்ந்து படித்தேன். அவனுக்குச் சொன்னதையே நேயர்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் அந்த 'நாலு' என்ற எண். திண்ணைச் சபை இதைக் கேட்டவுடன், "நாலாம் கட்டமா? உடம்பெல்லாம் பரவிவிட்டதே!" என்று கையை விரித்துவிட்டது. தரம் வேறு, கட்டம் வேறு. மற்றப் புற்றுநோய்களில் கட்டம் என்பது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதற்கு அடையாளம். மூளைக் கட்டியில் தரம் என்பது அதன் அணுக்கள் எவ்வளவு வேகமாகப் பெருகும் சுபாவமுடையவை என்பதைக் குறிக்கிறது. இந்த வியாதி மூளையை விட்டு வெளியே பரவுவது மிக அபூர்வம். அதன் கொடுமையெல்லாம் மூளைக்குள்ளேயேதான்.

அந்தக் கொடுமை எத்தகையது என்பது கரிசல் சம்சாரிக்குச் சொன்னால் உடனே புரியும். கோரையைப் பிடுங்கியிருப்பவனுக்குத் தெரியும். கைக்கு வருவது மேலே தெரியும் புல்தான், கிழங்கு மண்ணுக்குள் எட்ட எட்ட ஓடிக் கிடக்கும். இந்தக் கட்டியும் அப்படியே. படத்தில் தெரிகிற உருண்டைக்கு அப்பால், நல்ல மூளைக்குள் அதன் அணுக்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஊடுருவியிருக்கும். அமெரிக்காவில் வால்டர் டாண்டி என்ற பிரசித்திபெற்ற ரண சிகிச்சை நிபுணர், அரைகுறையாக எடுப்பதால்தானே திரும்ப வருகிறது என்று எண்ணி, சில நோயாளிகளுக்கு மூளையின் வலது பாதி முழுவதையுமே எடுத்துப் பார்த்தார். 1928-ல் அதைப் பிரசுரமும் செய்தார். அப்படியும் கட்டி மற்றப் பாதியில் தலைகாட்டியது. கத்தி ஒன்றினால் மட்டும் இது தீராது என்பது அன்றே தெரிந்துபோயிற்று. கத்தி வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பேச்சுக்கும் கை காலுக்கும் சேதமில்லாமல் எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவு எடுத்துவிட்டால், பின்னால் வரும் சிகிச்சைக்கு வேலை குறைகிறது.

பின்னால் வரும் சிகிச்சை என்ன? 2005-ஆம் ஆண்டு ஒரு பெரிய பரிசோதனையின் முடிவு வெளியாயிற்று. ஐரோப்பாவிலும் கனடாவிலுமாக 573 நோயாளிகள். ஒரு பாதியினருக்குக் கதிர் சிகிச்சை மட்டும். மற்றொரு பாதியினருக்கு அதனுடன் டெமோஸோலோமைடு என்ற மாத்திரை. ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், ஆக முப்பது தடவை கதிர். அந்த நாட்களில் தினந்தோறும் மாத்திரை. சிறிது ஓய்வுக்குப் பின், இருபத்தெட்டு நாளைக்கு ஒருமுறை ஐந்து நாள் மாத்திரை, இப்படி ஆறு சுற்று. கதிர் மட்டும் பெற்றவர்களின் ஆயுள் நடுக்கணக்காக 12.1 மாதம், மாத்திரையும் சேர்ந்தவர்களுக்கு 14.6 மாதம்.

இரண்டரை மாதம்! இதற்கா இவ்வளவு ஆரவாரம் என்று என் மாணவன் முகம் வாடியது. அவன் கணக்கில் என்னிடம் எழுபதுக்குக் குறையாமல் வாங்கியவன். ஆகையால் நடுக்கணக்கு என்றால் என்னவென்று மறுபடியும் பாடம் நடத்தினேன். வகுப்புப் பிள்ளைகளை உயரப்படி வரிசையாக நிறுத்தினால், சரிபாதியில் நிற்கும் பையனின் உயரம் அது. அவனுக்கு இந்தப் பக்கமும் பாதிப் பேர். அந்தப் பக்கமும் பாதிப் பேர். மாத்திரை சேர்ந்தவர்களில் இரண்டு வருஷம் தாண்டியவர்கள் நூற்றுக்கு 26.5 பேர், சேராதவர்களில் 10.4 பேர். ஐந்து வருஷம் தாண்டியவர்கள் முன்னதில் 9.8 பேர், பின்னதில் 1.9 பேர். கட்டியின் அணுவில் எம்.ஜி.எம்.டி. என்ற ஓர் அம்சத்தைச் சோதித்தால், மாத்திரை யாருக்கு அதிகமாகப் பிடிக்கும் என்பதும் ஓரளவு முன்கூட்டியே தெரிகிறது. வரிசையில் நம் வீட்டு மனுஷி எங்கே நிற்கிறாள் என்பதை மட்டும் யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்கிறவரை நம்ப வேண்டாம்.

அதற்குப் பிறகு தலையில் மின்புலத் தகடுகளை ஒட்டிக்கொள்ளும் ஒரு கருவி வந்திருக்கிறது. 2017-ல் வெளியான பரிசோதனையில் நடுக்கணக்கு 16 மாதத்திலிருந்து 20.9 மாதமாக உயர்ந்தது. அதன் விலை நம்மைப் போன்றவர்கள் வீட்டு வாசலில் நிற்கக்கூடியதன்று. ஆகவே உலகம் முழுவதும் இன்றைக்கும் ஆதாரமாக நிற்பது அந்த 2005-ஆம் ஆண்டு முறைதான்.

'உலகம் முழுவதும்' என்று சொன்னேன் அல்லவா? அதற்குச் சாட்சியாக அமெரிக்க ஸெனட்டர் எட்வர்டு கென்னடியின் கதை இருக்கிறது. ஜனாதிபதியாக இருந்த கென்னடியின் தம்பி. பணத்துக்கும் செல்வாக்குக்கும் குறைவில்லாதவர். 2008-ஆம் ஆண்டு மே 17-ந் தேதி அவருக்கு வலிப்புக் கண்டது. மூளைக் கட்டி என்று தெரிந்ததும், பாஸ்டன் நகரில் நாட்டின் பேர்போன நிபுணர்களைக் கூட்டி ஆலோசனை கேட்டார். அதுவும் ஒரு திண்ணைச் சபைதான். ஆனால் விஷயம் தெரிந்தவர்களின் சபை. ஜூன் 2-ந் தேதி டியூக் சர்வகலாசாலை ஆஸ்பத்திரியில், பெரும்பாலான நேரம் அவர் விழித்திருக்கும்போதே, ரண சிகிச்சை நடந்தது. பிறகு கதிரும் மருந்தும். ஜூலை 9-ந் தேதி, முதியோர் வைத்திய உதவி பற்றிய ஒரு மசோதாவுக்கு வாக்களிக்க ஸெனட் சபைக்குள் நடந்து வந்தார்; சபையினர் எழுந்து நின்று கைதட்டினார்கள். தம் சுயசரிதையை முடித்தார். 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி காலமானார். எண்ணிப் பார்த்தால் பதினைந்து மாதம். சரியாக ஒன்பது வருஷம் கழித்து அதே ஆகஸ்டு 25-ந் தேதி, இதே வியாதியால், ஸெனட்டர் ஜான் மெக்கெயினும் மறைந்தார். அவருக்குப் பதின்மூன்று மாதம்.

கென்னடிக்குக் கிடைத்த வைத்தியத்தின் சாரமெல்லாம் கத்தி, கதிர், மருந்து என்ற மூன்றே. இந்த மூன்றும் பாளையங்கோட்டைக்கும் மதுரைக்கும் வந்து சேர்ந்துவிட்டன என்பதுதான் நான் என் மாணவனுக்குச் சொல்ல விரும்பியது.

இவை இங்கே வந்து சேர்ந்த சரித்திரமும் சுவையானது. கனடா தேசத்து மாண்டிரியால் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற மேதை மூளை ரண சிகிச்சைக்கென ஒரு ஸ்தாபனத்தை 1934-ல் ஏற்படுத்தினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஜேக்கப் சாண்டி அங்கே போய் அவரிடம் பயின்று திரும்பி, 1949-ல் வேலூர் கிறிஸ்தவ ஆஸ்பத்திரியில் நம் தேசத்தின் முதல் மூளை ரண சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். மறு வருஷமே சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் சீர்காழிக்காரரான பி. ராமமூர்த்தி தொடங்கினார். இன்று திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. பென்ஃபீல்டின் பேர்சொல்லும் சீடர்களுக்குச் சீடர்கள் எங்கள் ஊரிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறார்கள். டெமோஸோலோமைடு மாத்திரையை நம் தேசத்துக் கம்பெனிகளே செய்கின்றன.

பக்கத்தில் என்பது இந்தச் சிகிச்சையில் சிறிய விஷயமல்ல. கதிருக்கு முப்பது தடவை போகவேண்டும். வடக்கே போனால் ஆறு வாரம் அறை வாடகை, கூட இருப்பவரின் சாப்பாடு, பாஷை தெரியாத இடத்தில் தடுமாற்றம். ஏற்கெனவே நினைவு தடுமாறுகிற நோயாளிக்கு, கண் விழித்தால் தெரிந்த முகம் ஒன்றுகூட இராது. வயது முதிர்ந்தவர்களுக்கு மூன்று வாரத்தில் பதினைந்து தடவையாகக் குறைத்துக் கொடுக்கும் முறையும் உண்டு. அதைப் பற்றிக் கேட்டுக்கொள்வது நலம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு ஐந்து லட்ச ரூபாய் வரையில் சிகிச்சைக்கு இடமிருக்கிறது. அட்டை இருந்தும் அதைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு நிலத்தை விற்றவர்களை நான் அறிவேன். புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயில் கட்டணச் சலுகையும் உண்டு.

"அப்படியானால் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை கேட்கவே கூடாதா, ஸார்வாள்?" என்றான். தாராளமாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அதற்கு அம்மாவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. ரண சிகிச்சையில் எடுத்த சதையை மெழுகுக் கட்டியில் பதித்தும், கண்ணாடிச் சில்லில் சீவியும் வைத்திருப்பார்கள். எம்.ஆர்.ஐ. படங்கள் தகட்டில் இருக்கும். இவற்றைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு பிள்ளை ஒருவனே வேலூருக்கோ சென்னைக்கோ போய் வரலாம். அம்மா தன் வீட்டுக் கட்டிலிலேயே இருக்கலாம். இங்கே முழுதும் எடுக்க முடியாது, கிள்ளிச் சோதிக்கத்தான் முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தால், அப்போது மற்றொரு நிபுணரிடம் போவதில் நியாயம் உண்டு. பேச்சுக்குரிய இடத்துக்குப் பக்கத்தில் கட்டி இருந்தாலும் அப்படியே. எங்கே கேட்டாலும் ஒன்றை மறக்கலாகாது. ரண சிகிச்சைக்குப் பிறகு நாலைந்து வாரத்துக்குள் கதிர் தொடங்குவதே வழக்கம். ஊர் ஊராக அபிப்பிராயம் சேகரித்துக்கொண்டிருக்கும்போது கட்டி காத்துக்கொண்டிராது.

இன்னொரு மோசம் இருக்கிறது. அதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டியைச் சுற்றி மூளை வீங்குகிறது. டெக்ஸாமெதஸோன் என்ற ஸ்டீராய்டு மருந்து அந்த வீக்கத்தை வற்றச் செய்யும். நேற்றுவரை பேச்சுக் குழறிப் படுத்திருந்தவர், ஓரிரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்பார். வீட்டார் கண்ணில் ஆனந்த பாஷ்பம். வியாதி போய்விட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து பேர் வெட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. வற்றியது வீக்கம், கட்டி அங்கேயே இருக்கிறது. அந்த வாரத்தில் யாராவது ஒரு பொடியைக் கொடுத்திருந்தால், புகழெல்லாம் பொடிக்குப் போய்ச் சேரும். அடுத்த நோயாளியின் நிலம் அதற்காக விலைபோகும். பொடியிலேயே ஸ்டீராய்டைக் கலந்து கொடுக்கும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள். இந்த மருந்தை நாமாக நிறுத்துவதும் ஆபத்து. டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இவ்வளவும் பேசிவிட்டு, "அம்மா என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டேன். அவன் விழித்தான். "அம்மாகிட்ட யாரும் சொல்லலை. ரத்தக்கட்டி, எடுத்தாச்சுன்னு சொல்லியிருக்கோம்."

இந்த இடத்தில்தான் பென்ஃபீல்டின் வாழ்க்கையில் நடந்த ஒன்றை அவனுக்குச் சொன்னேன். 1928-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் தம் கூடப்பிறந்த தமக்கைக்கே மூளையில் ரண சிகிச்சை செய்தார். அது வேறு இனக் கட்டி, சற்று மெதுவானது. ஆயினும் முழுதும் எடுக்க முடியவில்லை. மூளையின் முன்பகுதியில் வலப்புறம் பெருமளவு போயிற்று. அந்த அம்மாள் பிழைத்து வீடு திரும்பினார். ஓராண்டுக்கும் மேல் சென்றபின் தம்பியைச் சாப்பாட்டுக்கு அழைத்தார். வீட்டார் நால்வர், விருந்தாளி ஒருவர், எளிய சாப்பாடு. நேரம் வந்தபோது சமையலறையில் அவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். ஒன்றிரண்டு பதார்த்தம் தயார்; மற்றவை தொடங்கவே இல்லை; எதை முதலில் செய்வது என்று தெரியாமல் கலங்கிப் போயிருந்தார். பேச்சில் குறையில்லை, அன்பில் குறையில்லை. வேலைகளை வரிசைப்படுத்தும் சக்தி மட்டும் போய்விட்டது. பென்ஃபீல்டு இதை 1935-ல் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். தமக்கை 1931-லேயே காலமாகிவிட்டார்.

உலைக்கு முன்னால் நின்ற தன் தாயை நினைத்துக்கொண்டு மாணவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் சொன்னது இதுதான்: இந்த வியாதியில் உயிருக்கு முன்னால் புத்தி தடுமாறலாம். ஆகையால் சொல்ல வேண்டியதை, புத்தி தெளிவாயிருக்கும்போதே சொல்ல வேண்டும். நிலம் யாருடைய பேரில் இருக்கிறது என்று கேட்டேன். அம்மா பேரில்தான்; அவருடைய தகப்பனார் சீதனமாகக் கொடுத்தது. விற்பதற்கும் அவர் கைநாட்டு வேண்டும்! ரத்தக்கட்டிக்கு எதற்காக நாலு ஏக்கர் விற்கிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வதாக உத்தேசம் என்றேன். பதில் இல்லை.

இரண்டு நாள் கழித்து, டாக்டரை வைத்துக்கொண்டே தாயாரிடம் சொன்னார்கள். நானும் போயிருந்தேன். அந்த அம்மாள் அழவில்லை. "புத்தி தெளிவா எத்தனை நாளைக்கு இருக்கும், டாக்டரையா?" என்று ஒன்றுதான் கேட்டார். நாள் சொல்ல முடியாது, இப்போது தெளிவாக இருக்கிறீர்கள் என்றார் டாக்டர். மகளுக்கு இரண்டு ஏக்கர், மகனுக்கு இரண்டு ஏக்கர் என்று அந்த வாரமே பத்திரம் எழுதிப் பதிவு செய்தார். மகனுக்கு இது எதிர்பாராத செய்திதான். நாலும் தனக்கு என்று அவன் எண்ணியிருந்திருக்கலாம். அதைப் பற்றி அவன் என்னிடம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கதிர் சிகிச்சை குறித்த காலத்தில் தொடங்கிற்று. இப்போது ஐந்தாவது சுற்று மாத்திரை நடக்கிறது. ரத்தத்தில் அணுக்கள் குறைந்ததால் நாலாவது சுற்றை ஒரு வாரம் தள்ளிக் கொடுத்தார்கள். மாத்திரையை வெறும் வயிற்றில், முழுசாக விழுங்க வேண்டும். வாந்தியை அடக்கும் மருந்தை அதற்குச் சற்று முன்னால்.

கட்டி திரும்ப வந்தால் என்ன செய்வது என்பதையும் டாக்டரிடம் கேட்டு வைத்திருக்கிறார்கள். மறுபடி கத்தி வைக்கலாமா, வேறு மருந்து உண்டா, அதனால் எத்தனை நாள், எப்படிப்பட்ட நாள் கூடும் என்பன கேட்கத் தகுந்த கேள்விகள். போதும் என்று நிறுத்துவதும் ஒரு தீர்மானமே. மெக்கெயின் அப்படித்தான் செய்தார். அவருடைய குடும்பத்தார் அதை வெளிப்படையாக அறிவித்தார்கள். வைத்தியம் நின்றாலும் பராமரிப்பு நிற்காது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கே வந்து வலியைத் தணிக்கவும் கை காலுக்குப் பயிற்சி கொடுக்கவும் ஆள் வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வைக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. வலிப்பு மருந்தை ஒருவேளைகூடத் தவறவிடக் கூடாது. அப்படியும் ராத்திரியில் வலிப்பு வந்தால், சாவிக்கொத்தையோ அரிவாளையோ தேடி ஓட வேண்டாம். இரும்பைக் கையில் கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை, காயந்தான் படும். வாயில் கரண்டி வைக்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்தில் இறுக்கமாக இருப்பதைத் தளர்த்தி, பக்கத்தில் இருக்கும் சாமான்களை விலக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலும், நின்று மறுபடி வந்தாலும், 108-க்கு டெலிபோன் செய்யுங்கள். வண்டி வந்தவுடன் மருந்துச் சீட்டையும் கடைசியாக எடுத்த படத்தையும் கையில் கொடுக்கும்படி, அவற்றை ஒரே பையில் போட்டு வாசற்கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருங்கள்.